மூச்சின் கதை – 11: இருபது வயதில் பார்த்த வேலை

ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் வந்து தெளிக்கும். அந்த நாட்களில் இருமலுக்கு இங்கே யாரும் கவலைப்படுவதில்லை. "சாரக் காத்து ஒத்துக்கல" என்று சுக்குக் காப்பியோடு முடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சீசன் முடிந்த பிறகும் வறட்டு இருமல் நிற்கவில்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் ஒரே பக்கம் மந்தமாக வலிக்கிறது என்றால் பழியைக் காற்றின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

இப்படித் தொடங்கக்கூடிய நோய்களில் ஒன்று மீசோதீலியோமா. அது அபூர்வமான நோய். இருமுகிறவர்கள் எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் ப்ளூரா என்ற சவ்வில் வருகிற புற்றுநோய் இது. சிலருக்கு வயிற்றுச் சவ்வில் வந்து வயிறு உப்பும். முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ், நம் பேச்சில் கல்நார். தூசி உள்ளே போன பிறகு நோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம். "பீடியே தொடாத மனுசனுக்கு எப்படி?" என்று வீட்டார் கேட்பார்கள். இந்த நோய்க்குப் புகை காரணமல்ல.

சிக்கல் நெஞ்சில் நீர் கோக்கும்போது தொடங்குகிறது. நம் ஊரில் முதல் சந்தேகம் டிபிதான். அதில் தப்பில்லை, இங்கே அதுதான் அதிகம். நீரை எடுத்துப் பரிசோதித்தாலும் குழப்பம் தீராது. இரண்டு நோயிலும் லிம்போசைட் அணுக்கள் மிகுந்திருக்கலாம். டிபிக்கு அடையாளமாகப் பார்க்கும் ஏ.டி.ஏ. அளவு மீசோதீலியோமாவிலும் சிலருக்கு உயரும். புற்றணு இருந்தும் நீரில் அகப்படாமல் போவது சகஜம். எனவே டிபி மாத்திரை சாப்பிட்டும் அதே பக்கம் மறுபடி மறுபடி நீர் கோத்து, எடையும் இறங்கிக்கொண்டே போனால், மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டும். சி.டி. ஸ்கேன் எடுத்து, தோராகோஸ்கோபி வழியாகச் சவ்விலிருந்து சதைத் துணுக்கு எடுத்து பயாப்சி செய்தால்தான் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

அதற்கு முன்பே துப்புக் கொடுக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "என்ன வேலை பாக்கீங்க?" என்றால், "சும்மா வீட்லதான் இருக்கேன் சார்" என்று பதில் வரும். இருபது, முப்பது வயதில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். விருதுநகர் மாவட்ட ஆலங்குளத்தில் (நம் தென்காசி ஆலங்குளம் அல்ல) அரசின் டான்செம் நிறுவனம் ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஆலை நடத்தியது. பாய்லருக்கு உறை சுற்றியவர்கள், கப்பல் உடைத்தவர்கள், பிரேக் லைனிங் தேய்த்தவர்கள், ஷீட் அறுத்தவர்கள் எல்லோரிடமும் கேட்க வேண்டும். அவர்கள் சட்டையைத் துவைத்த மனைவிமாரிடமும்தான். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் குழு விவரித்த 33 நோயாளிகளில் பலர் சுரங்க வேலைக்கே போகாதவர்கள். கல்நார்ச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள்.

நம் தெருக்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரைகள் உண்டு. உடையாமல் கிடக்கிற ஷீட்டால் ஆபத்து குறைவு. ஆடிக் காற்றில் உடைந்ததை மாற்றும்போது, கட்டிங் மெஷினால் அறுத்து, போல்ட்டுக்குத் துளை போடும்போதுதான் தூசி பறக்கிறது. வாயில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, மெஷின் இல்லாமல் கையால் வேலை பார்த்தால் தூசி வெகுவாகக் குறையும். கீழே விழுந்த தூளை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது.

1995 ஜனவரி 27 அன்று, அகமதாபாத் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலை முடிந்து 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. இந்த நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பதைத் தெரிந்து சொன்ன கணக்கு. கான்ட்ராக்ட் கூலிக்கு அந்தப் பதிவேட்டில் இடம் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். அப்படிப்பட்டவர்கள் எந்த ஊரில், எந்த ஆண்டு, என்ன வேலை பார்த்தோம் என்று ஒரு தாளில் எழுதி, பழைய எக்ஸ்ரேக்களோடு மருத்துவரிடம் கொண்டுபோவது நல்லது.