ஆவாரைச் செடி வளர்க்கும் முறை

பாகாயத்தைச் சூழ்ந்த கரடுகளில் மஞ்சள் மலருடன் நிற்கும் ஆவாரையைப் பயிரென்று எவரும் எண்ணுவதில்லை. எனினும் வேலூர், ஆம்பூர் தோல் ஷாப்புகள் ஒரு காலத்தில் இதன் பட்டையைக் கொண்டே நடந்தன. அதில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு துவர்ப்புச் சத்து உண்டு. பின்னர் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும் குரோம் உப்பும் அதன் இடத்தைக் கொண்டன. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் பாலாற்றுப் பாசன நிலங்கள் கெட்டது குறித்து 1996-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததை அங்கத்தினர் அறிவர்.

ஆவாரை விதையின் தோல் கடினமானது. அப்படியே தூவினால் பல முளையா. மணலுடன் தேய்த்து, ஓர் இராத்திரி நீரில் ஊறவைத்து, மழை தொடங்கியதும் மேட்டு வரப்பில் ஊன்றுதல் நலம். நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. முதற்கோடை வரை களையெடுத்தால் போதும், எரு வேண்டியதில்லை. கால்நடைகள் இதைப் பெரும்பாலும் தின்னாமையால் வேலிச் செலவும் மிச்சம்.

கெடுதல் அறுவடையில்தான் நேருகிறது. பலர் செடியை வேரோடு பிடுங்குகின்றனர். அத்துடன் அது தீர்ந்தது. இரண்டு மூன்று வருஷம் வளர்ந்தபின், தரைக்கு ஒரு சாண் மேலே கூரிய அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். பட்டையைக் கொம்பு பச்சையாக உள்ளபோதே உரிக்கவேண்டும். உலர்ந்தபின் எளிதில் உரிபடாது. மிஞ்சிய தழையை எறிந்துவிடாமல் நெல்வயல் சேற்றில் மிதித்துவிடலாம்.