உரிமம் ரத்து, துப்பாக்கி மட்டும் வீட்டில்

2019 பிப்ரவரி 15 அன்று, அமெரிக்காவின் இலினாய் மாநிலம் அரோராவில், வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒரு தொழிலாளி நீக்கத்தைத் தெரிவித்த கூட்டத்திலேயே துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். சக ஊழியர்கள் 5 பேர் இறந்தார்கள். போலீசார் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். விசாரித்தால், அவர் துப்பாக்கியைத் தொடவே கூடாதவர்; 1995இல் மிசிசிப்பியில் கொடுந்தாக்குதல் வழக்கில் தண்டனை பெற்றவர்.

அப்படித் தண்டனை பெற்றவர்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1968இலிருந்தே இருக்கிறது. பொதுவாக, ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்பது கணக்கில்லை. ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாதவருக்கும் தடை உண்டு. மீறினால் 10 ஆண்டு வரை சிறை என்றிருந்ததை 2022இல் 15 ஆக்கினார்கள். தண்டனை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சிக்கல் வேறு இடத்தில். சட்டம் காவல் நிற்பது கடை வாசலில். உரிமம் பெற்ற வியாபாரி, வாங்க வருபவரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கி, எஃப்பிஐயின் கணினிப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். 1998 முதல் நடக்கும் இந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். மூன்று வேலை நாள் ஆகியும் பதில் வராவிட்டால், மத்தியச் சட்டப்படி பொதுவாக வியாபாரி விற்றுவிடலாம். தனி ஒருவர் தன் துப்பாக்கியை அதே மாநிலத்தவருக்கு விற்றால் சோதனையே கட்டாயமில்லை. சில மாநிலங்கள்தான் தாங்களாக அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

குற்றம் செய்தபோது துப்பாக்கி வைத்திருந்த கைதிகளிடம் 2016இல் அரசு எடுத்த கணக்கைப் பாருங்கள். சுமார் 43 சதவீதம் பேருக்கு அது கிடைத்தது தெருவில், கள்ளச்சந்தையில். கால்வாசிப் பேருக்கு உறவினர், நண்பர் மூலம். கடைக்குப் போனவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான்.

அரோராக்காரர் அந்தப் பத்தில் ஒருவர். 2014இல் துப்பாக்கி வைத்திருக்க மாநிலம் தரும் அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்தபோது பழைய தண்டனையை மறைத்தார். சோதனையிலும் அது சிக்கவில்லை. அட்டை வந்தது, கடையில் கைத்துப்பாக்கி வாங்கினார். அதோடு விட்டிருக்கலாம். மறைத்து எடுத்துச்செல்லும் அனுமதியும் கேட்டு, அதற்காகக் கைரேகை கொடுத்தார். ரேகை மிசிசிப்பி வழக்கைக் காட்டிக்கொடுத்தது. அட்டை ரத்து என்று கடிதம் போனது. துப்பாக்கியை வாங்கிவர மட்டும் யாரும் போகவில்லை. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அது அவரிடமே இருந்தது.

எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்தால் என்ன என்று தோன்றலாம். நாடு தழுவிய பதிவேட்டை 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1968இல் ஹெய்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவரைப் பதிவு செய்யச் சொல்வது தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ள வைப்பது என்று கூறி, பதிவு செய்யாததற்காக அவரைத் தண்டிக்க முடியாது என்றது. சட்டத்தைத் திருத்தித்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

ஆக, தண்டனை ஆண்டுகளைக் கூட்டுவதைவிட, ரத்தான அட்டைக்காரரின் கதவைத் தட்ட ஆளும் பணமும் ஒதுக்குவதே உருப்படியான வேலை. இலினாய் 2021இல் அதற்கான சட்டத்தை இயற்றியது; தனியார் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியது. ஆளுநர் அதில் கையெழுத்திட்டது அரோராவில்தான்.