பழைய வேனில் புதிய பாட்டு

பாட்டில்லாத நெடும்பயணம் உப்பில்லாத கஞ்சி மாதிரி. தைப்பூசத்துக்குப் பத்துமலை போனாலும் சரி, பெண் பார்க்க அடுத்த மாநிலம் போனாலும் சரி, வண்டி தோட்டத்துச் செம்மண் சாலையைத் தாண்டுவதற்குள் பின்னிருக்கையிலிருந்து “பாட்டைப் போடப்பா” என்று குரல் வந்துவிடும். வண்டி புதியது என்றால் கவலை இல்லை. ஆனால் அது 50 வயதான வேன், அதுவும் உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்துக் குடும்பமே தங்கிப் போகும் வீட்டு வேன் என்றால், பாட்டுப் பெட்டி மாற்றும் வேலையைச் சற்று யோசித்துத்தான் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் பாட்டும் போகும், வண்டியும் போகும்.

வேனும் ஒலியும் நம்மவர்களுக்குப் புதிய உறவல்ல. 1950களில் தகவல் இலாகாவின் நடமாடும் படக்காட்சி வேன் தோட்டத்துத் திடலில் வந்து நின்ற மாலைகளைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். திரை, புரொஜெக்டர், கூம்பு ஸ்பீக்கர் ஆகியவற்றோடு மின்சாரத்துக்கு ஜெனரேட்டரும் கூடவே வரும். ஒலி வேண்டுமானால் முதலில் அதற்குத் தீனி வேண்டும் என்பதை அந்த வேன்காரர்கள் அறிந்திருந்தார்கள். இன்று பலர் மறப்பது அதைத்தான்.

ஃபேரர் பார்க் வட்டாரம்

சிங்கப்பூருக்கு வரும் நம்மவர்களின் கால்கள் தாமாகவே ஃபேரர் பார்க் பக்கம் திரும்பும். 1843 முதல் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த வட்டாரம் அது. 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் முன்னிலையில் மோகன் சிங் உரையாற்றியதும் அந்தத் திடலில்தான். 1950களில் அரசியல் பொதுக்கூட்டங்களின் ஒலிபெருக்கிகள் அங்கே முழங்கின.

இப்போது அங்கே பாதாள ரயில் நிலையம் இருக்கிறது. படியேறி வெளியே வந்தால் முஸ்தபா கடை. ஜாலான் புசார் வழியாக நடந்தால் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிப் பொருள்களுக்குப் பெயர் போன சிம் லிம் டவர். பழைய ரேடியோக்களைக் குவித்து விற்ற சுங்கை ரோடு சந்தை மட்டும் 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. ஒயர், ஃபியூஸ், ஸ்பீக்கர் என எதைத் தேடுவதாக இருந்தாலும் இந்த வட்டாரத்தில் ஒரு நடை நடந்து பார்ப்பது வீண்போகாது. ஆனால் கடைக்குள் நுழையும் முன் உங்கள் வண்டியின் ஜாதகம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

6 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

காருக்குள் வானொலி வைக்கும் வழக்கம் 1930களில் பரவியது. அமெரிக்காவில் 1930-இல் மோட்டரோலாவும், ஜெர்மனியில் 1932-இல் பிளாபுங்ட்டும் கார் ரேடியோக்களைக் கொண்டுவந்தன. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. சில ஆண்டுகளில் அது காருக்குள்ளும் ஏறியது. அந்தக் கால வண்டிகளின் மின்சார அமைப்பு ஒரு சின்ன ரேடியோவையும் சில விளக்குகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது.

வீட்டு வேன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஃபோக்ஸ்வாகன் கோம்பி. 1966-இன் நடுப்பகுதி வரை வந்த கோம்பிகளில் பெரும்பாலானவை 6 வோல்ட். அதன் பிறகு வந்தவை 12 வோல்ட். இன்றைய கார் ஆம்ப்ளிஃபையர்கள் 12 வோல்ட்டுக்கானவை. ஆகவே பேட்டரியின் வோல்ட்டை முதலில் பாருங்கள்.

அடுத்தது எர்த். இன்றைய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடம்போடு சேரும். மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் 1960களின் நடுப்பகுதிவரை இது தலைகீழ். பிளஸ் முனைதான் உடம்போடு சேரும். அதில் புதிய பாட்டுப் பெட்டியை அப்படியே இணைத்தால் ஒரு நொடியில் கருகிவிடும். கொடுத்த காசு புகையாகப் போகும்.

தாங்குமா டைனமோ?

ஒரு சின்னக் கணக்கு. 200 வாட் ஒலி தரும் பழைய பாணி ஆம்ப்ளிஃபையர், வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைச் சூடாக வீணாக்கும். அதாவது 400 வாட் கேட்கும். 12 வோல்ட்டில் அது 33 ஆம்பியர். அக்காலத்து லூகாஸ் டைனமோ ஒன்று தருவதோ 22 ஆம்பியர்தான். இரவில் முன்விளக்கே அதில் பாதியை விழுங்கிவிடும். போதாததற்கு, இஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஒன்றுமே தராது. மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்கும். நடுராத்திரியில் ரப்பர்க் காட்டு ஓரம் வண்டி நின்றுபோனால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது?

ஆகவே சிறிய பெட்டியே போதும். ஒரு ஸ்பீக்கருக்கு 15, 20 வாட் இருந்தால் வேன் நிறையப் பாட்டுக் கேட்கும். வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை ஒலியாக்கும் ‘டி’ வகை ஆம்ப்ளிஃபையர்களும் இப்போது கிடைக்கின்றன.

தங்கிப் போகும் வேனுக்கு இரண்டாவது பேட்டரி மிக நல்லது. வண்டி ஓடும்போது மட்டும் ரிலே வழியாக அது சார்ஜ் ஆகும். நிற்கும்போது தனியாகப் பிரிந்துவிடும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம். 5 ஆம்பியர் இழுக்கும் பெட்டியை 6 மணி நேரம் கேட்கலாம். காலையில் வண்டியைக் கிளப்ப வேண்டிய பேட்டரி அப்படியே இருக்கும்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம்

நெருப்பு பிடிப்பது பெரும்பாலும் ஒயரில்தான். பழைய ரப்பர் உறை போட்ட ஒயர் விரலால் தொட்டாலே உதிரும். அதில் புதிய சாமானை இணைக்கவே கூடாது. பேட்டரியிலிருந்து புதிய, தடித்த ஒயர் இழுங்கள். பேட்டரிக்கு அருகிலேயே, 45 சென்டிமீட்டருக்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது பாட்டுப் பெட்டியை அல்ல. ஒயரையும், அருகில் படுத்திருக்கும் பிள்ளையையும். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். எர்த் ஒயரை, பெயிண்ட்டைச் சுரண்டிய வெறும் இரும்பில் முடுக்குங்கள்.

மின்சார ஒயர் ஒரு பக்கமும் பாட்டு ஒயர் மறு பக்கமும் போகட்டும். சேர்ந்து போனால் இஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ‘ஙொய்’ என்ற இரைச்சல் பாட்டோடு கேட்கும். பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கரின் ஒரு முனையை வண்டி உடம்பில் சேர்ப்பதுண்டு. புதிய பெட்டியில் அப்படிச் செய்தால் பெட்டி வீணாகிவிடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயரும் தனித்தனியாக வர வேண்டும்.

பழைய அழகு கெடாமல்

பழைய வண்டியின் மதிப்பே அதன் பழமையில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் 35 வயது நிறைந்த வண்டிகளுக்கு ‘கிளாசிக்’ என்று தனித் திட்டமே உண்டு. கதவுத் தகரத்தை வெட்டி ஸ்பீக்கர் பதித்தால் வெட்டியது வெட்டியதுதான். இருக்கைக்கு அடியிலோ, படுக்கைக்குக் கீழேயோ பலகைப் பெட்டி செய்து ஸ்பீக்கரை அதில் வையுங்கள். முகப்பில் இருக்கும் பழைய ரேடியோ அங்கேயே இருக்கட்டும்; புதியதைச் சாமான் அலமாரிக்குள் ஒளித்துவிடலாம்.

கடைசியாகக் காது. தகர வேன் சின்ன அறை. சத்தம் உள்ளேயே சுழலும். 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது வேலையிடங்களுக்கான கணக்கு. அதற்குமேல் 3 டெசிபெல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். பின்னால் வரும் லாரியின் ஹார்னும், பக்கத்தில் இருப்பவரின் பேச்சும் கேட்கும் அளவே நல்ல அளவு.

வாசக நேயர்களே, வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு நாள் கூலி கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. மேலே சொன்னவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுப் பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக்கொடுங்கள். பாட்டு மெதுவாகக் கேட்டாலும், போன குடும்பம் பத்திரமாக வீடு திரும்பட்டும்.