கட்டடமும் கணையாழியும்

சுவரே கூரையைத் தாங்கும் என்பது கட்டடக் கலையின் பழைய வழக்கு. யேர்மனியின் டெசௌ நகரில் 1926 ஆம் ஆண்டு வால்ற்றர் குறோப்பியஸ் எழுப்பிய பௌகவுஸ் கலைக்கல்லூரியின் பட்டறைப் பகுதி அவ்வழக்கைத் துணிந்து கைவிட்டது. பாரத்தை உள்ளே நிற்கும் கொங்கிறீற்றுத் தூண்கள் ஏற்றன. வெளிப்புறச் சுவர் கண்ணாடித் திரையாயிற்று. கட்டடத்தைத் தாங்குவது எதுவென்பது வீதியில் நிற்பவர்க்கும் புலனாயிற்று.

இக்கொள்கை ஒரு மோதிரத்தினுள் எவ்வாறு புகுந்தது? மாளிகையொன்றின் உருவத்தைப் பதக்கத்தில் வெட்டி வைத்தல் எளிது. ஆயின் அது பொம்மை செய்தலேயாகும். அமெரிக்க அணிகலைஞரான மாக்கிறற் டி பற்றா சென்ற வழி வேறு. தம் மனத்துக்கிசைந்த திருமணக் கணையாழி கடைகளிற் கிடையாமையால், 1929 இல் தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கியவர் அவர். பௌகவுஸில் 1923 முதல் 1928 வரை ஆசிரியராயிருந்த லாசுலோ மொகொலி-நாகியை 1940 இற் கலிபோர்ணியாவிற் சந்தித்து, பின்னர் சிக்காகோவில் அவர் நடத்திய கல்லூரியிலும் பயின்றார்.

பழைய முறையிற் கல்லைச் சுற்றிப் பொன் விளிம்பு எழுப்பி, அதனுள் கல்லை இறுக்குவர். அவ்விளிம்பு பாரந்தாங்கும் சுவரை ஒத்தது. டி பற்றா அதனை நீக்கினார். ஓரிரு முனைகளில் மட்டும் உலோகம் பற்ற, கல் வெளியில் மிதப்பதுபோல் நின்றது. சான்பிரான்சிஸ்கோவிற் கல் இழைப்பவரான பிரான்சிஸ் ஸ்பெரிசன், அவர் வகுத்த வடிவங்களிற் பளிங்கை வெட்டிக் கொடுத்தார். அப்பளிங்கின் பின்னே கம்பியொன்றை வைத்தால், ஒளி முறிவினால் அது ஒரு கோணத்தில் ஒன்றாகவும், மற்றொன்றிற் பலவாகவும், வேறொன்றில் இடம் பெயர்ந்தும் தோன்றும். கட்டடத்தைக் காண்பவன் அதனைச் சுற்றி நடக்க வேண்டும்; இங்கோ அணிந்தவர் கையை அசைத்தாலே காட்சி மாறுகின்றது. நம் பத்தர்களும் இந்நுட்பத்தை வியந்து நோக்குவர்.

விலைமிக்க கல்லே சிறந்தது என்னும் எண்ணமும் இதனால் தளர்ந்தது. ஒளியை விளையாடவிடும் பளிங்கும் கடற்கரைக் கூழாங்கல்லும் அவர் கையில் மதிப்புப் பெற்றன.

எனினும், கையால் ஒவ்வொன்றாகச் செய்யும் பொருள் சிலர்க்கே எட்டும். நல்ல வடிவம் பலர்க்கும் உரியதாதல் வேண்டும் என்பதும் பௌகவுஸின் கொள்கையே. ஆதலின் 1946 இல் அவரும் கணவர் யூஜின் பீலவ்ஸ்கியும் வார்ப்பு முறையால் ஒரே வடிவைப் பல படிகளாக்கிக் குறைந்த விலையில் விற்க முற்பட்டனர். வார்ப்பினால் உலோகத்தைப் பெருக்கலாம். கல்லுக்கும் கம்பிக்குமுள்ள தூரத்தையோ கண்பார்த்தே வைத்தல் வேண்டும். அம்முயற்சி 1958 அளவில் நின்றது. அதன்பின், 1964 இல் மறையும் வரை, அவர் தனித்தனி அணிகளையே செய்துவந்தார்.