தட்டு உடையலைன்னா தப்பு உங்க மேலதானா? ஷாட்கன் அளவும் ஸ்போர்ட்டிங் கிளேஸும்

இன்னைக்குப் பேசப் போற பொருளை நம்மில் பெரும்பாலானவங்க சினிமாவில் மட்டும்தான் பார்த்திருப்போம். ஷாட்கன். ஆனா அடிதடி கதை இல்ல. வானத்தில் பறக்கிற சின்னத் தட்டைச் சுட்டு உடைக்கிற விளையாட்டு. பேரு ஸ்போர்ட்டிங் கிளேஸ்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் பலருக்கு இது ஆபீஸ் அவுட்டிங் வழியாத்தான் அறிமுகமாகுது. போய்ட்டு வந்தவங்க சொல்றது கிட்டத்தட்ட ஒரே கதை. இருபத்தைந்து தடவை சுட்டேன், ரெண்டு தட்டு உடைஞ்சது, தோள் நீலமாயிடுச்சு, கன்னத்துல அறை வாங்கின மாதிரி இருந்துச்சு, நமக்கு இதெல்லாம் வராதுப்பா. குறிப்பா பெண்கள், உயரம் குறைவானவங்க, இடது கைக்காரங்க இப்படிச் சொல்லிட்டு அதோட விட்டுடுறாங்க. அவங்களில் பாதிப் பேருக்காவது பிரச்சினை கையில் இல்லை, கையில் கொடுத்த துப்பாக்கியில் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஏன்னு சொல்றேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெட்டியில் அடைத்த உயிருள்ள புறாக்களைத் திறந்துவிட்டுச் சுடுவது பெரிய பந்தயம். பெட்டியின் கயிற்றை இழுக்கச் சொல்லித்தான் 'புல்' என்று கத்துவார்கள். இன்றைக்குத் தட்டை எறிவது மின்சார இயந்திரம், ஆனாலும் அதே 'புல்' தான். 1880-ல் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்ற அமெரிக்கர் புறாவுக்குப் பதிலாகக் களிமண் தட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1921-ல் பிரிட்டன் உயிருள்ள பறவைகளை அடைத்து வைத்துச் சுடுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இப்போதைய தட்டில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளும் தார் போன்ற பிசினும் சேர்த்துச் செய்கிறார்கள். விட்டம் 11 சென்டிமீட்டர், எடை சுமார் 100 கிராம். பேரு மட்டும் இன்னும் 'கிளே பிஜன்', களிமண் புறா.

ஒலிம்பிக்ஸில் பார்க்கிற ட்ராப், ஸ்கீட் போட்டிகளில் தட்டு வரும் கோணங்களும் தூரமும் விதிப்படி தீர்மானமானவை. 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கியது டபுள் ட்ராப்பில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் சுட்டது ட்ராப். ஸ்போர்ட்டிங் ஒலிம்பிக்ஸில் இல்லை. அதன் அழகே எதுவும் நிலையாக இல்லாததுதான். வயல், மரம், மேடு என்று இருக்கிற இடத்துக்கு ஏற்றபடி பத்துப் பன்னிரண்டு நிலைகள் அமைப்பார்கள். ஒன்றில் தட்டு செங்குத்தாக எழும்பும், ஒன்றில் தலைக்கு மேலே வந்து கடக்கும், ஒன்றில் முயல் மாதிரி தரையில் குதித்து ஓடும். அடுத்த மைதானத்துக்குப் போனால் எல்லாம் வேறு.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரைஃபிளில் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி இருக்கும். இரண்டையும் நேராக வைத்துச் சுடுகிறோம். ஷாட்கனில் குழலின் நுனியில் ஒரு சின்ன மணி மட்டும்தான். பின்குறியே கிடையாது. ஏன்னா அந்தப் பின்குறி உங்க கண்ணு. கன்னம் கட்டையில் எங்கே உட்காருகிறதோ, அதை வைத்துத்தான் கண் எங்கே இருக்கும் என்பது முடிவாகிறது. கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால், பின்குறி கோணலாகப் பொருத்திய ரைஃபிளோடு நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

எவ்வளவு கோணல்? பள்ளிக்கூடத்து வடிவொத்த முக்கோணம்தான். கண்ணிலிருந்து குழல் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். கண் 1 சென்டிமீட்டர் இடதுபுறம் தள்ளி இருந்தால், 30 மீட்டர் தூரத்தில் 30 சென்டிமீட்டர் இடதுபுறம் போகும். ஒரு தோட்டாவில் முந்நூறு, நானூறு சின்ன ரவைகள் இருக்கும். அவை அந்தத் தூரத்தில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வட்டமாக விரியும். அதன் நடுப்பகுதிதான் அடர்த்தி. 30 சென்டிமீட்டர் தள்ளினாலே தட்டு வட்டத்தின் ஓரத்துக்குப் போய்விடும். இது தட்டு அசையாமல் நின்றால்கூட! நீங்க செய்ய வேண்டியதைச் சரியாச் செஞ்சிருப்பீங்க, தட்டு உடையாம போய்க்கிட்டே இருக்கும்.

கடையிலும் மைதானத்திலும் இருக்கிற துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் கட்டை பதினாலரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். நடுத்தர உயரமுள்ள, வலது கைப் பழக்கமுள்ள ஆணை மனசில் வைத்துப் போட்ட அளவு. அண்ணனோட பேட்டைத் தம்பி கையில் கொடுத்து கவர் டிரைவ் ஆடச் சொல்ற கதைதான்.

அளவெடுப்பவர் பார்ப்பது என்னென்ன? விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையிலான நீளம் ஒன்று. நீளம் கூடினால் தோளுக்குக் கொண்டுவரும்போது சட்டையில் மாட்டும், புஜத்தின் மேல் போய் உட்காரும். குறைந்தால் பின்னால் உதைக்கும்போது கட்டைவிரல் மூக்கில் வந்து இடிக்கும். அடுத்து, கன்னம் உட்காரும் மேட்டின் உயரம். மேடு அதிகமானால் கண் உயர்ந்து சுடுவது மேலே போகும். தாழ்வாக இருந்தால் குழலுக்கு மேலே எதுவும் தெரியாது, உடனே தலையைத் தூக்குவீர்கள். கன்னம் கட்டையை விட்டு எழும்பிய அடுத்த நொடி அதே கட்டை கன்னத்தில் வந்து அறையும். அந்த அறையின் கதை இதுதான். மூன்றாவது, கட்டை பக்கவாட்டில் எவ்வளவு வளைந்திருக்க வேண்டும் என்பது. வலது கைக்காரருக்கு வெளியே, வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதே துப்பாக்கியை இடது கைக்காரர் எடுத்தால் சாய்வு தலைகீழாகிவிடும்.

நான்காவது, பலர் கவனிக்காத ஒன்று: தோளில் பொருந்தும் பின்முனையின் சாய்கோணம். நேராக வெட்டிய பின்முனையின் கீழ்நுனி பெண்கள் பலருக்கு மார்பின் மேற்பகுதியில் குத்தும். உதையின் வேகம் முழுக்க அந்த ஒரு புள்ளியில் இறங்கும். கோணத்தை மாற்றி, கீழ்நுனியைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினால் அதே உதை அகலமாகப் பரவும். 'ஷாட்கன்னா வலிக்கத்தான் செய்யும், பழகிடும்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வலிக்குப் பயந்து, விசையை அழுத்துறதுக்கு முன்னாடியே உடம்பு சுருங்கும். அந்தப் பழக்கம் வந்துட்டா ஒழிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? 'ட்ரை கன்' என்று ஒன்று உண்டு. கட்டையின் ஒவ்வொரு அளவையும் திருகு வைத்துக் கூட்டிக் குறைக்கலாம். வெள்ளை பூசிய இரும்புத் தகட்டின் முன் நிறுத்தி, நிதானமாகக் குறிபார்க்க விடாமல், தூக்கியதும் சுடச் சொல்வார்கள். ஐந்தாறு முறை சுட்டதும் புள்ளிகள் எந்தப் பக்கம் குவிகின்றன என்று தெரிந்துவிடும். 16 கஜ தூரத்தில் நின்றால் கணக்கு சுலபம். தகட்டில் ஓர் அங்குலம் விலகினால் கட்டையில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் திருத்த வேண்டும். மறுபடி அதே முக்கோணம். லண்டனை ஒட்டி, 1901 முதல் இயங்கும் வெஸ்ட் லண்டன் ஷூட்டிங் ஸ்கூல் போன்ற பழைய பள்ளிகளில் அளவெடுப்பது தையல்காரரிடம் போவது போல ஒரு சடங்கு. திருத்துவதற்குப் பெரிய செலவு ஆகணும்னு இல்ல. கன்னமேட்டில் ஒட்டும் பஞ்சுப் பட்டை, பின்முனையில் சேர்க்கும் ரப்பர் தகடு இரண்டிலேயே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும். மரக்கட்டையைச் சூடேற்றி வளைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதுக்கெல்லாம் முன்னாடி, இப்பவே ஒரு காரியம் செஞ்சு பாருங்க. கையை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஒரு சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்க. இப்போ ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே இருக்கோ, அதுதான் உங்க ஆதிக்கக் கண். வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் ஆதிக்கம் என்றால், கட்டையை என்ன செதுக்கினாலும் குறி தவறும். இடது தோளுக்கு மாறலாம், ஒரு கண்ணை மூடலாம், கண்ணாடியில் அந்தக் கண்ணுக்கு நேரே சின்ன டேப் ஒட்டலாம். முதல் நாளே தெரிந்துகொண்டால் இடது தோளில் தொடங்குவது மேல். பத்து வருஷம் பழகிய பிறகு என்றால் டேப் போதும்.

இப்போ கற்றுக்கொள்ற பகுதி. இதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. அளவெடுக்கும் முன், துப்பாக்கியை ஒரே மாதிரி தூக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தடவை தோளிலும் ஒரு தடவை புஜத்திலும் வைக்கிறவரை அளந்து பயனில்லை, அளவு ஒவ்வொரு முறையும் மாறும். முதல் மூன்று நான்கு வகுப்புகளுக்கு வாடகைத் துப்பாக்கி, அதில் பெரிய பொருத்தக்கேட்டை மட்டும் பயிற்சியாளர் பட்டை ஒட்டிச் சரிசெய்யட்டும். துப்பாக்கி வாங்குவது கடைசி வேலை. நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், பணம் அங்கேதான் போகிறது.

தூக்கும்போது கட்டை முதலில் கன்னத்துக்கு வரணும், தோள் அதைச் சந்திக்கணும். தலை கட்டையைத் தேடிப் போகக் கூடாது. சொந்தத் துப்பாக்கி உள்ளவர்கள், காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல் குழல் நுனியை ஓட்டிப் பழகுவார்கள். சலிப்பான வேலைதான். பலன் இதில்தான்.

பிறகு முன்தள்ளல். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் தட்டு ஒரு விநாடியில் 18 மீட்டர் போகும். ரவைகள் 30 மீட்டரைக் கடக்க விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் தட்டு 1.8 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதனால் தட்டுக்கு முன்னால் சுடணும். பின்னாலிருந்து தட்டைக் கடந்து போய்ச் சுடுவது ஒரு முறை. ஆரம்பம் முதலே முன்னால் இடைவெளி விட்டுக் கூடவே போவது இன்னொன்று. தட்டோடு சேர்ந்து போய், பிறகு முன்னால் இழுப்பது மூன்றாவது. எதைப் பின்பற்றினாலும் குழல் நின்றுவிடக் கூடாது. இடைவெளியை அளக்கலாம்னு கண் குழலுக்குத் திரும்பின நொடியே கை நின்னுடும், சுட்டது தட்டுக்குப் பின்னாடி போகும்.

கேட்ச் பிடிக்கும்போது பந்தைத்தானே பார்ப்போம், கையையா பார்க்கிறோம்? இங்கேயும் கண் தட்டின் முன்விளிம்பில். குழல் எங்கே பார்க்கிறது என்று சோதிக்காமல் இருக்க வேண்டுமானால், அது கண் பார்க்கும் இடத்தைத்தான் பார்க்கிறது என்ற நம்பிக்கை வேண்டும். அளவெடுத்த கட்டை அந்த நம்பிக்கையைத்தான் தருகிறது.

போறதுக்கு முன்னாடி சில நடைமுறை விஷயங்கள். பிரிட்டனில் சொந்தமாக ஷாட்கன் வைக்கக் காவல்துறைச் சான்றிதழ் கட்டாயம். ஆனால் 1968-ன் ஃபயர்ஆர்ம்ஸ் சட்டம் ஒரு விலக்கு தருகிறது. காவல்துறை அனுமதித்த தட்டு சுடும் இடத்தில், அனுமதித்த நேரத்தில், அங்கேயே துப்பாக்கி வாங்கிச் சுட உங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை. காதுக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் நிற்காதீங்க. நடக்கும்போது துப்பாக்கி மடித்துத் திறந்தே இருக்கணும், உள்ளே தோட்டா இல்லைன்னு யாரும் பார்த்துத் தெரிஞ்சுக்கிற மாதிரி.

முதல் வகுப்பில் பயிற்சியாளரிடம் 'என் கண்ணைச் சோதிச்சீங்களா, இந்தக் கட்டை எனக்கு நீளமா இருக்கா?' என்று கேளுங்க. 'அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்'னு தோட்டாவைக் கையில் கொடுத்தா, வேற பயிற்சியாளரைத் தேடுங்க. அளவெடுக்கப் போகும்போது, நீங்க வழக்கமா சுடுற உடையைப் போட்டுக்கிட்டுப் போங்க. ஜனவரி ஜாக்கெட்டின் தடிமனும் ஜூலை டி-ஷர்ட்டின் தடிமனும் ஒண்ணு இல்ல, கட்டை நீளத்தில் அந்த வித்தியாசம் அப்படியே தெரியும். சிலர் அதுக்காகவே கழற்றி மாட்டுற ரப்பர் தகடு ரெண்டு வச்சிருக்காங்க, குளிர்காலத்துக்கு மெல்லிசு, வெயில்காலத்துக்குத் தடிப்பு.