ரம்பம் போன வழி

நூறாண்டுக்கு முந்தைய மர ஜிக்சா புதிர்களின் பெட்டி மூடியில் பெரும்பாலும் படம் இருக்காது. ஒரு தலைப்பு மட்டும் இருக்கும். சிலவற்றில் அந்தத் தலைப்பே ஆளைத் திசைதிருப்பும். இருந்தாலும் அவற்றின் கடினம் மூடியைவிட, ரம்பம் போன வழியில்தான் அதிகம் இருக்கிறது. 1760-களில் லண்டனில் வரைபடம் செதுக்கி அச்சிட்டுவந்த ஜான் ஸ்பில்ஸ்பரி, வரைபடத்தை மஹோகனிப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோடுகளின் மேலேயே அறுத்து, பூகோளம் படிக்கும் பிள்ளைகளுக்கு விற்றார். துண்டுதான் நாடு, கோட்டில் அறுத்தது பிள்ளைக்கு உதவியது.

1908, 1909-ல் அமெரிக்கப் பெரியவர்களுக்குப் புதிர்ப் பித்து பிடித்தபோது அதே உத்தி நேரெதிர் வேலை பார்த்தது. ஒட்டுப்பலகையில் ஓர் இயற்கைக்காட்சி ஓவியத்தின் அச்சுப்பிரதியை ஒட்டி, நூல்போன்ற அலகை நீல வானம் முடிந்து மரத்தின் பச்சை தொடங்கும் விளிம்பிலேயே ஓட்டினார்கள். விழுந்த துண்டு ஒன்று முழு நீலம், அதன் அண்டைத் துண்டு முழுப் பச்சை. இரண்டும் சேர்பவை என்று காட்ட ஒரு பொட்டு நிறம்கூட மிஞ்சுவதில்லை. போதாததற்கு, பல துண்டுகளுக்குக் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் குமிழும் கிடையாது. சட்டைக்கை பட்டால் கலைந்துவிடும். மனித முகமென்றால் கண் இருக்கும் துண்டு தன்னையே காட்டிக்கொடுக்கும். ஓவியர் கான்ஸ்டபிள் 1821-ல் வரைந்த ‘ஹே வெய்ன்’ போன்ற ஓவியத்தில் மேகமும் இலையும் நீருமே பெரும்பகுதி. எந்த இலைக்கொத்தும் தன் இடத்தைச் சொல்லாது.

ஆயிரம் துண்டு அட்டைப் புதிர்தானே கடினம் என்று கேட்கலாம். எண்ணிக்கை நேரத்தை இழுக்கும், அவ்வளவே. அச்சுக் கத்தியில் வெட்டும் அட்டையில் பல நிறங்கள் ஒரே துண்டில் சிக்குவதால் துப்புத் தானாகக் கிடைத்துவிடுகிறது. பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்தின் ‘பாஸ்டைம்’ மரப் புதிர்களில் நாய், நட்சத்திர வடிவத் துண்டுகள் உண்டே, அவை உதவாதா என்பது இன்னொரு கேள்வி. நாய் வடிவத் துண்டு வானத்தின் நடுவே உட்கார்ந்திருக்கலாம். வடிவத்துக்கும் படத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இத்தனை வஞ்சகம் எதற்கு? 1908-ல் 500 துண்டுப் புதிரின் விலை சுமார் 5 டாலர். அன்று சராசரித் தொழிலாளியின் மாதச் சம்பளமே 50 டாலர்தான். ஒரு மணி நேரத்தில் முடிந்தால் வாங்கியவர் சும்மா விடுவாரா?

அப்படியொரு பழைய பெட்டி கைக்கு வந்தால், துண்டுகளைப் புரட்டிப் பின்புற மர இழையைப் பாருங்கள். எல்லாம் ஒரே பலகையில் அறுத்தவை என்பதால், சரியாக வைத்த துண்டுகளில் இழை ஒரே திசையில்தான் ஓடும்.