டிண்டாவா, டிண்டோராவா?

மாநிலம் மாறினால் காயின் பெயரும் மாறுகிறது. பெயரை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். காயையே பார்த்து அடையாளம் காண்பது எப்படி?

தில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் முதல் மாதத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு. தள்ளுவண்டியில் பச்சைப் பசேலென்று, வெளிறிய கோடுகளோடு, இரு முனையும் கூம்பிய காயைப் பார்த்ததும், "அட, கோவைக்காய்! இந்த ஊரில் நன்றாகப் பருத்திருக்கிறதே!" என்று ஒரு கிலோ வாங்கிவிடுவார்கள். வீட்டில் நறுக்கினால் உள்ளே மிளகைவிடப் பெரிதாக, கெட்டியான உருண்டை விதைகள். கோவைக்காயில் ஏது இப்படி விதை? வாங்கி வந்தது பர்வல். வங்காளத்தில் அதற்குப் பட்டோல் என்று பெயர். கோவைக்குத் தூரத்து உறவு. நம்மூர்ப் புடலங்காய்க்குத்தான் நெருங்கிய சொந்தம்.

அப்படியானால் கோவைக்காயைத் தில்லியில் என்ன சொல்லிக் கேட்பது? குந்த்ரு. மும்பையில் தோண்ட்லி. ஆந்திரத்தில் தொண்டகாய. குஜராத்தில் டிண்டோரா. இந்தக் கடைசிப் பெயரை அகமதாபாத்தில் கற்றுக்கொண்டு தில்லியில் போய் அரைகுறையாகச் சொன்னால், கடைக்காரர் டிண்டாவை நிறுத்துக் கொடுத்துவிடுவார். டிண்டா வேறு காய். சிறிய ஆப்பிள் அளவில், பச்சை நிறத்தில், பிஞ்சில் லேசான ரோமத்தோடு உருண்டையாக இருக்கும். தாவரவியலார் முதலில் இதைத் தர்ப்பூசணியோடு சேர்த்திருந்து, பிறகு பிரித்து வைத்தார்கள்.

இருபது ஆண்டுகளாக மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். அரசியல் கட்டுரைகள் தராத தொல்லையைச் சமையல் குறிப்புகள் தந்திருக்கின்றன. ஒருமுறை இந்தியிலிருந்த குறிப்பில் 'பாலக்' என்றிருந்ததைப் 'பசலைக்கீரை' என்று எழுதினேன். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கொல்கத்தாவிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டார். அவர் வீட்டுக் கொல்லையில் படரும் கொடிப்பசலையைப் பறித்துச் சமைத்தாராம், வழவழவென்று வந்ததாம். கொடிப்பசலைக்கு வங்காளிகள் சொல்லும் பெயர் பூயி ஷாக். பாலக்கோ கொடியே அல்ல; தரையோடு இலைவிடும் செடி. தப்பு என்னுடையது.

அன்றிலிருந்து காய்கறிப் பெயர் வந்தால் முதலில் கேட்பது, "எந்த ஊர்க்காரர் எழுதியது?" காரணம் இருக்கிறது. தில்லியில் 'கத்தூ' என்றால் பரங்கிக்காய். பீகாரில் பெரும்பாலும் அது சுரைக்காய். சட் பண்டிகையின் முதல் நாள் அங்கே சமைக்கும் 'கத்தூ பாத்' சுரைக்காய் சேர்ந்ததுதான். பரங்கிக்கு அவர்கள் சொல்வது கோஹடா. அதே போன்ற கோஹளா என்ற சொல்லை மராத்தியர் கல்யாணப் பூசணிக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பரங்கி, லால் போப்ளா. சுரை, துதி போப்ளா.

வடக்கத்தியரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சென்னையில் பூசணி என்றால் சாம்பல் பூத்த வெள்ளைக் காய். தெற்கே பல ஊர்களில் பூசணி என்றால் மஞ்சள் காய். வெள்ளைக் காய்க்குத் திருநெல்வேலிப் பக்கம் தடியங்காய் என்று பெயர். சௌசௌ கதை இன்னும் வேடிக்கை. ஆந்திரத்தில் அது 'பெங்களூர் வங்காய', அதாவது பெங்களூர்க் கத்தரிக்காய். கர்நாடகத்தில் 'சீமே பதனேகாயி', சீமைக் கத்தரிக்காய். டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் இஸ்குஸ். உண்மையில் அது கத்தரிக்காயும் அல்ல. பிறந்த இடம் பெங்களூரும் அல்ல. மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்த, பூசணிக் குடும்பத்துக் கொடி.

பெயர் கைவிட்டால் காயைத்தான் கேட்க வேண்டும். குறுக்கே வெட்டிப் பாருங்கள். கோவைக்காயில் சின்னஞ்சிறு தட்டை விதைகள் சதைக்குள் நெருங்கிக் கிடக்கும்; பர்வலில் விதை பெரிது. கொடியைப் பார்க்க வாய்த்தால் பூவைக் கவனியுங்கள். சுரை வெள்ளையாகப் பூக்கும். பீர்க்கு மஞ்சளாகப் பூக்கும். ஓரம் நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூ என்றால் அது புடலை, பர்வல் வகை. கைபேசியில் படம் எடுத்துப் பெயர் கேட்கும் வசதி இன்று இருக்கிறது. அதற்கும் இலையும் பூவும் சேர்ந்த படம் கொடுத்தால்தான் பதிலை ஓரளவு நம்பலாம்.

எல்லாவற்றையும்விட நல்ல கேள்வி, "இதை உங்கள் வீட்டில் எப்படிச் சமைப்பீர்கள்?" பதிலிலேயே பாதி அடையாளம் கிடைத்துவிடும். ராஜஸ்தானில் கயிற்றுத் துண்டுபோல் காய்ந்து கிடக்கும் சாங்ரியைக் காட்டிக் கேட்டால், ஊறவைத்து, கேர் என்ற சிறு காயோடு சேர்த்து வதக்கச் சொல்வார்கள். சாங்ரி காய்க்கும் கேஜ்ரி மரம் வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் சுற்றி வந்து கும்பிடும் வன்னி மரம்தான். அசாமில் ஔ டெங்கா என்ற பெரிய பச்சை உருண்டையைக் காய் என்று வாங்குவோம். அதில் புளிப்புக்காகச் சமைப்பது கனியைப் போர்த்தியிருக்கும் சதைப்பற்றான புல்லி இதழ்களை. மணிப்பூரின் யோங்சாக், ஒரு மரத்தில் காய்க்கும் நீண்ட அவரை. வாசனை முன்னால் வந்து நிற்கும்.

கேட்பதற்கு இன்னொரு காரணம், உயிர். பூசணிக் குடும்பத்துக் காய்கள் சிலவற்றில் குக்கர்பிட்டாசின் என்னும் கசப்பு நச்சு உண்டாவதுண்டு. 2010-ல் தில்லியில் விஞ்ஞானி ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்தார். சாற்றில் பாகற்காயும் கலந்திருந்தது. கசப்பு எதனுடையது என்று எப்படித் தெரியும்? சாறு பிழியுமுன் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் எறிந்துவிடுங்கள் என்பதே பிறகு நிபுணர்கள் சொன்ன அறிவுரை. மலைப்பகுதிகளில் விற்கும் சுருள் பெரணிக் குருத்தும் அப்படித்தான். உள்ளூர்க்காரர் பறித்ததை வாங்கலாம், நாமே காட்டில் பறிக்கக் கூடாது.

விவசாயிக்கோ பெயர் என்பது உரிமை. உடுப்பி அருகே மட்டு கிராமத்தில் விளையும் உருண்டைப் பச்சைக் கத்தரி, 'மட்டு குள்ள' என்ற பெயரில் 2011-ல் புவிசார் குறியீடு பெற்றது. 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமுறைகளாகக் காத்துவந்த ரகத்தை விவசாயிகள் தங்கள் பெயரில் பதிவு செய்யலாம். ஆனால் மற்ற ரகங்களிலிருந்து அது எதில் வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். சந்தையில் எல்லாமே வெறும் 'கத்தரிக்காய்' ஆகிவிட்டால் எதைக் காட்டுவது? தில்லியில் 1976-ல் தொடங்கிய தேசியத் தாவர மரபியல் வளங்கள் நிறுவனம் விதைகளைக் குளிரறையில் காத்துவைக்கிறது. வயலில் காக்க வேண்டியவர் விவசாயி. நாம் கேட்டு வாங்கினால்தான் அவர் விதைப்பார்.

தில்லியின் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், மும்பை மாட்டுங்காவில், கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சேனையும் தேடிப் போகிறோம். போகட்டும். திரும்பும் வழியில் பெயர் தெரியாத ஒரு காயைக் கால் கிலோ வாங்குங்கள். ஊர்ப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நறுக்கியதும் விதையைப் பாருங்கள். அடுத்த மாற்றல் உத்தரவு வருவதற்குள் உங்களிடம் ஒரு நல்ல அகராதி சேர்ந்திருக்கும்.